கசந்தால் சொல்லு

சட்பரி. காலை ஐந்தே கால்.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
உருக்காலைக் கழிப்பறையில் வெந்நீர் வர
நாலு நிமிசம் ஆகும்.
குழாயைத் திறந்துவிட்டு
கண்ணாடியில் கழுத்தைப் பார்க்கிறேன்.

இடது தாடைக்குக் கீழே ஒரு சுழி.
தலையில் இருக்க வேண்டியது
வழி தவறி இங்கே குடியேறியிருக்கிறது.
மற்ற மயிரெல்லாம் கீழ்நோக்கிப் போகும்,
இது மட்டும் காதைப் பார்த்துப் போய்
பாதியில் மனம் மாறித் திரும்பும்.
"உனக்குச் சுழி சரியில்லையடா" என்று
என்னைத் திட்டியவர்கள் யாரும்
இந்த இடத்தைப் பார்த்ததில்லை.

வழிக்க முன்னம் வழி கேட்க வேண்டும்.
எந்தப் பக்கம் போகிறாய் என்று
விரல் நுனியால், கண்ணை மூடிக்கொண்டு.
பூனை முதுகு மாதிரிப் படிந்தால் அதன் போக்கு.
முள்ளாய் நின்றால் எதிர்ப்பக்கம்.
முதல் தரம் அதன் போக்கிலே.
இரண்டாம் தரம் குறுக்கே.
மூன்றாம் தரம் எதிர்த்து இழுக்கிறவன்
மத்தியானம் சிவந்த கழுத்தைச் சொறிவான்.
நான் ஆறு வருசம் சொறிந்தேன்.

இன்றைக்கு முகமூடிச் சோதனை.
ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்ட வேண்டும்.
இடையில் ஒரு மயிர் படுத்திருந்தாலும்
கந்தகப் புகைக்கு அது பாலம்.
போன வருசம் ஜிஸ்லேன்
தாளில் ஒரு கோடு போட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினாள்.
போனால் மயிர் போச்சு என்பார்கள்.
எனக்கோ அது போகாததால்
ஒரு நாள் சம்பளம் போனது.

பக்கத்துத் தொட்டியில் ஆர்வோ.
களஞ்சியத்திலிருந்து நேற்றுத்தான் உலைப்பக்கம் மாற்றினார்கள்.
இருபத்திரண்டு வருசத் தாடியைக்
கத்தரியால் குப்பைக் கூடையில் இறக்கிவிட்டு
மிச்சத்தைக் கை கழுவும் சவர்க்காரத்தால் தேய்க்கிறான்.
தாடி இருந்த இடம் கோதுமை மாவு.
நெற்றி வேறொருவனுடையது.
நாடியில் ஒரு குழி,
அவனுக்கே மறந்துபோனது.
விரலை அதில் விட்டுப் பார்த்துச் சிரிக்கிறான்
பழைய சட்டைப் பையில் காசு கண்டவன் போல.

குழிக்குள் பிளேடு இறங்காது,
மேலால் தாண்டிவிடும்.
என் நுரை டப்பாவை அவன் பக்கம் தள்ளினேன்.
கீழுதட்டைப் பல்லுக்கு மேலே மடித்துக் காட்டினேன்.
அவனும் மடித்தான்.
கண்ணாடியில் இரண்டு கிழட்டுக் குரங்குகள்.
குழி இழுபட்டுத் தட்டையானது.
மூக்கை ஒரு விரலால் தூக்கு.
குரல்வளை மேட்டுக்கு, எச்சிலை விழுங்கப் போய்
பாதியில் நிறுத்து.
இவ்வளவும் பேச்சில்லாமல்.

பிறகு அவன் என் கழுத்தைப் பார்த்து
"அங்கே, இரண்டு" என்றான்.
எங்கே?
கண்ணாடி இடத்தை வலமாக்குகிறது,
விரல் தவறின இடத்திலேயே திரும்பவும் தடவுகிறது.
அவன் தடித்த சுட்டுவிரலைச்
சுழியின் நடுவில் வைத்தான்.
பதினொரு வருசமாக இந்த நாட்டில்
ஒரு டொக்டரையும் யசோவையும் தவிர
யாரும் தொடாத இடம்.
எடுக்காதே, என்றேன்.
விரலின் ஓரத்தில் பிளேடை வைத்து
காதுப் பக்கமாய், மூச்சை அடக்கி,
ஒரு சின்ன இழுவை.

ஜிஸ்லேன் தலைக்கு மேலே
வெள்ளைக் கூடாரம் ஒன்றைக் கவிழ்த்தாள்.
முன்துளையால் உள்ளே கசப்பைத் தெளிப்பாள்.
கசந்தால் சொல்லு. தலையை ஆட்டு. குனி.
ஏதாவது பேசிக்கொண்டே இரு.
போன வருசம் எண்ணிக்கை சொன்னேன்.
இந்த முறை தமிழ் வந்தது,
ரப்பருக்குள் தகரக் குரலில்:
யசோ, கார்த் திறப்பு ஃப்ரிட்ஜுக்கு மேலே இருக்கு.
சின்னவனின் பல்லுக்கு வெள்ளிக்கிழமைதான் நேரம் கிடைத்தது.
இரவுக்குப் பாவற்காய் வேண்டாம்.
ஜிஸ்லேன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி
இன்னும் இரண்டு தரம் தெளித்தாள்.
நாக்கில் ஒன்றுமில்லை.
சரி போட்டாள்.

அடுத்தது ஆர்வோ.
கூடாரத்துக்குள் அவன் கண்கள் மட்டும் தெரிந்தன.
முதல் தெளிப்பிலேயே முகம் சுருங்கி
கையைத் தூக்கினான்.

நாடிக்குழிதான்.
ஜிஸ்லேன் பேனாவை எடுக்க முன்னம்
"ஐந்து நிமிசம்" என்றேன்.
நுரை டப்பா என் சட்டைப் பையில் இருந்தது.
வெந்நீர்க் குழாயை
நாங்கள் இருவருமே மூட மறந்திருந்தோம்.
கண்ணாடி முழுக்க ஆவி.
முழங்கையால் துடைத்து
அவனுக்கு ஒரு முகத்தளவு இடம் திறந்தேன்.