ஈரப்பதம்

நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவன் நான்.
இன்றைக்கு லீவு.
யூபிலி ஆண்டு முடிவதற்குள் நான்கு கோயில் என்று
பங்கில் வேன் பேசியிருந்தார்கள்.
ஆளுக்கு அறுநூற்றைம்பது. சாப்பாடு அவரவர் பொறுப்பு.

கையில் ஒரு மஞ்சள் அட்டை, நான்கு கட்டம்.
கோயிலுக்கு ஒரு முத்திரை குத்தித் தருவார்கள்.
முத்திரை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா.

பூண்டியை விட்டு வண்டி கிளம்பியதும்
உபதேசியார் தைரியநாதன் மைக்கை ஊதிப் பார்த்தார்.
பாவசங்கீர்த்தனம் செய்யணும், நன்மை வாங்கணும்,
போப்பாண்டவர் கருத்துக்காக ஜெபிக்கணும்,
பாவத்தின் மேல் ஒட்டுதல் இருக்கக் கூடாது.
அப்போதுதான் பரிபூரண பலன்.
நவம்பர் மாதம், செத்தவர்களுக்கும் விட்டுக்கொடுக்கலாம்.

நாலு கோயிலுக்கு நாலு பலனா என்றான் டிரைவர்.
எத்தனை கோயில் ஏறினாலும்
ஒரு நாளைக்கு இவ்வளவுதான், தம்பி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
தினமும் நான் சொல்கிற வாக்கியம் அது.
மூன்றாவது சீட்டிலிருந்து செங்கோல்மேரி
திரும்பிப் பார்த்தாள்.

முப்பத்தேழு மூட்டை குறுவை கொண்டுவந்தாள்.
கருவி பதினாறு காட்டியது.
பத்தொன்பது என்றேன்.
பதினேழுக்கு மேல் எடுக்க முடியாது, காயவை என்றேன்.
அவளுக்குப் புரிந்தது, ஆனால் கையில் இல்லை.
ரோட்டில் கொட்டி மூன்று நாள் காலால் அளைந்தாள்.
நாலாம் நாள் ராத்திரி மழை.
எட்டு மூட்டையில் வெள்ளை வேர் விட்டிருந்தது,
சின்னப் பிள்ளையின் பல் மாதிரி.
மிச்சம் இருபத்தொன்பதுக்குக் கடன் வாங்கிக் கொடுத்தாள்,
மூட்டைக்கு நாற்பது.

கொள்ளிடத்தில் கலங்கல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.
பாலத்தில் எல்லோரும் அருள் நிறைந்த மரியே சொன்னார்கள்.
நானும் சொன்னேன்,
எந்த மணியில் இருக்கிறோம் என்று தெரியாமல்.

ஏலாக்குறிச்சியில் நீள வரிசை.
கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சளி பிடித்த ஒரு சின்ன வயசுச் சாமி.
பொய், கோபம், பூசை தவறினது என்று
வழக்கமான சரக்கை இறக்கினேன்.
பிறகு, களவு என்றேன்.
எவ்வளவு?
என் வாழ்க்கையில் நான் கூட்டிப் பார்க்காத ஒரே கணக்கு.
யாரிடம் என்றாவது தெரியுமா?
தெரியும் சாமி, வேனில் மூணாவது சீட்டு.
அவர் தும்மினார். ரொம்ப நேரம் பேசவில்லை.
அப்புறம், திருப்பிக் கொடுத்துட்டு அடுத்த கோயிலுக்குப் போ என்றார்.

அடுத்த கோயில் தஞ்சாவூர்.
ஏ.டி.எம். இரண்டு இருந்தன, மூன்றாவதில் பணம் வந்தது.
இருபத்தொன்பது நாற்பது ஆயிரத்து நூற்று அறுபது.
உறையில் போட்டேன். கொடுக்கவில்லை.
பேராலயத்து நிழலில் அவள் எலுமிச்சைச் சோறு பிரித்து
எனக்கும் ஒரு மூடியில் வைத்தாள்.
உப்பு பாருங்க, சார்.
சரியாகத்தான் இருந்தது.
குறைச்சல் என்றேன். ஏன் என்று தெரியவில்லை.
வாய் பழகிவிட்டது.

வேளாங்கண்ணிக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது.
மணலில் முழங்காலால் நடந்துபோனது ஒரு குடும்பம்.
கடையில் தகட்டில் அடித்த உருவங்கள் விற்றார்கள்:
கால், கண், வீடு, தொட்டில்.
நெல் மூட்டைக்கு உருவம் இல்லை.
செங்கோல்மேரி எல்லாவற்றையும் விலை கேட்டுவிட்டு
ஒரு மெழுகுவர்த்தி மட்டும் வாங்கினாள்,
போன வருஷம் போய்ச் சேர்ந்த புருஷன் பேருக்கு.

அங்கேதான் உறையை நீட்டினேன்.
அவள் ஆச்சரியப்படவில்லை.
கட்டைவிரலை நாக்கில் தொட்டு எண்ணினாள்.
மறுபடி எண்ணினாள்.
இது இருபத்தொம்பதுக்கு.
எட்டு மூட்டை, சார்?

தூறல் விழுந்தது. டிரைவர் ஹாரன் அடித்தான்.
எட்டு மூட்டைக்கு என்ன ஆகும் என்று
எனக்கு மனப்பாடம்.
வாயைத் திறந்தேன்.
நான் சொல்றேன், நீங்க எழுதுங்க என்றாள்.

நாலாவது முத்திரை இன்னும் காயவில்லை.
மஞ்சள் அட்டையைத் திருப்பிப் பிடித்தேன்.