இருபத்தேழு புரி

சனிக்கிழமை, காக்கி புக்கிட்.
மணிக்கு முப்பது வெள்ளி வாடகை மேடையில்
சக்கரம் நான்கும் தொங்க நிற்கிறது என் வண்டி,
பல் மருத்துவரிடம் வாய் திறந்தவர் மாதிரி.
வடித்த எண்ணெய் தட்டில் கறுத்துக் கிடக்கிறது.
பம்பருக்குப் பின்னால் புதுக் குளிர்விப்பான்
கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.
குழாய்கள் இரண்டும் சரி.
வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே செருகிய
அலுமினியத் தட்டில் மட்டும்
கூடுதலாய் இரண்டு துளை,
எதற்கும் இருக்கட்டும் என்று எவரோ போட்டவை.

ஒன்றுக்கு வெப்பமானி.
மற்றது எனக்கு வேண்டாத துளை.
அதை அடைக்காமல் எஞ்சினைத் தொட முடியாது.

கையில் இருந்த பித்தளை அடைப்பான்
விரலுக்கு இரண்டு சுற்று இனிமையாய்ப் போனது.
மூன்றாவதில் நின்றது.
ஸ்பானரைக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.
மயிரிழை கனத்தில் ஒரு வெள்ளிச் சுருள்
கையுறைமேல் விழுந்தது.
மேடைக்குப் பொறுப்பான அஸ்லினா எட்டிப் பார்த்தாள்:
"காக், அது தண்ணீர்க் குழாய் மரை."

நீலத் தடத்தில் ஆறு நிறுத்தம், ஜாலான் புசார்.
பக்கத்து இருக்கைக்காரர் என் கை வாசனைக்கு
நாசூக்காய் எழுந்து போனார்.
முகுந்தனின் குறுஞ்செய்தி:
பதினாலு மாசத்துல சிஓஇ முடியுது,
அறுத்துப் போடப்போற வண்டிக்கு இவ்வளவா?
உனக்கு மரை கழண்டுடுச்சு.

கழலவில்லை. பொருந்தவில்லை.
எழுதினேன், அனுப்பவில்லை.

கிளந்தான் லேனில் குவெக்கின் கடை.
நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்:
"பிரிட்டிஷா, அமெரிக்கனா?"
தட்டு தைவான், கார் ஜப்பான், குழாய் ஜொகூர்.
"எட்டில் ஒன்று" என்றேன், கெட்டிக்காரி போல.
"இரண்டுமே எட்டில் ஒன்றுதான்" என்றார்.
சீப்பு மாதிரி ஓர் அளவுகோலை
என் பித்தளைமேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.
ஓர் அங்குலத்துக்கு இருபத்தெட்டு புரி.
தட்டு கேட்பது இருபத்தேழு.

புரி என்றால் முறுக்கு.
புரி என்றால் விளங்கிக்கொள்.
அகராதியில் ஒரே பக்கத்தில் படித்ததுதான்,
பித்தளையில் படித்ததில்லை.
ஒன்றே ஒன்று வித்தியாசம், அதுவும்
இரண்டு சுற்று வரை தெரியாத வித்தியாசம்.

போன டிசம்பரில் பாகோ தாண்டி
முள் நூற்று முப்பதைத் தொட்டது.
எங்கள் சண்டையும் அப்போது பாதியில் இருந்தது.
நெடுஞ்சாலை ஓரம் ஒதுங்கினோம்.
லாரிகள் போகும்போதெல்லாம் வண்டி ஆடியது.
"கொஞ்சம் ஆறட்டும்" என்றான் முகுந்தன்.
எஞ்சினைத்தான் சொன்னான்.

குவெக் ஒரு மைலோ டின்னை
நாளிதழ் மேல் கவிழ்த்தார்.
கலந்து கிடந்த நூற்றுக்கணக்கில்
அவர் சீப்பாலும் நான் நகத்தாலும் தேடினோம்.
நாற்பது நிமிடம். மேடையின் கடிகாரம்
காக்கி புக்கிட்டில் ஓடிக்கொண்டிருந்தது.
கடைசியில் இரண்டு கிடைத்தன.
"ஒன்று போதும்" என்றேன்.
"இரண்டாய் எடு. ஒன்று எப்படியும் சாக்கடையில் விழும்."

விழுந்தது.
அஸ்லினாவின் கம்பி மூடிக்குள் டங்கென்று.

இரண்டாவதற்கு வெள்ளை நாடா சுற்றினேன்.
வாசலில் என் அவசரத்தின் காயம்.
அதைத் தாண்டி மூன்று, நான்கு,
பிறகு தானே இறுகத் தொடங்கியது,
கூம்பு உடம்பு, உள்ளே போகப் போகக் கெட்டி.
எஞ்சினை உறுமவிட்டு
துளைக்குக் கீழே டிஷ்யூ தாளை ஒற்றி எடுத்தேன்.

படம் பிடித்து முகுந்தனுக்கு அனுப்பினேன்.
வெறும் வெள்ளைத் தாள்.

என்ன இது, ஒண்ணுமே இல்லையே?

ஆமாம்
என்று எழுதினேன்.