இருபத்தைந்து ஆடுகள்

புந்தா அரேனாஸில் காற்று முற்றும் நாளில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
நடப்பவர் பிடித்துக்கொள்ள.
அப்படி ஒரு கயிற்றைப் பிடித்து வந்து
ரொசாமெல் பர்ரியா என் கடைக்குள் விழுந்தார்.
சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே
ஐந்நூறு ஜிபி ஹார்ட் டிஸ்க்,
உடம்புச் சூட்டோடு.

மருமகன் புது விண்டோஸ் போட்டானாம்.
ஏதோ கேட்டதாம். ‘ஆம்’ என்றானாம்.
மறுபடி கேட்டதாம்.
மறுபடி ‘ஆம்’.

இந்தப் பருவத்துக் கணக்கு மொத்தமும் அதில், என்றார்.
இருபத்து மூன்று பேர் கம்பளி கத்தரித்த ஆடுகள்,
ஆள்வாரியாக, நாள்வாரியாக.
சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும்.

முதலில் டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் நகலெடுத்தேன்.
மூலத்தில் ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது.
தேடுகிற இடத்திலேயே கண்டதை வைத்தால்
கண்டது, காணாததை மிதித்துவிடும்.

பார்ட்டிஷன்களின் அட்டவணைதான் போயிருந்தது.
பார்ட்டிஷன்கள் போகவில்லை,
வேலியைப் பிடுங்கிய புல்வெளி மாதிரி
எல்லை தெரியாமல் கிடந்தன.
இரண்டாயிரத்து நாற்பத்தெட்டாம் செக்டரில் ஒரு தொடக்கம்.
அதன் கடைசி செக்டரில்
முதல் பக்கத்தின் நகல் ஒன்று.
எப்போதோ எவனோ ஒரு பொறியாளன்
பயந்துபோய் வைக்கச் சொன்னது.
முகம் தெரியாத அவன் பெயரில்
ஒரு மாத்தே குடித்தேன்.

ஒன்பது மணி நேரம்.
நள்ளிரவு தாண்டி ஃபைல்கள் எழுந்து வந்தன,
சில பெயரோடு,
பல வெறும் எண்ணோடு.
மூக்குவரை மட்டும் நாய், அதற்குக் கீழே சாம்பல் நிறம்.
பல் டாக்டர் ரசீது.
நான்கு தடவை ஆரம்பித்து
நான்கு தடவையும் ‘அன்புள்ள’வில் நின்ற கடிதம்.
பிறகு கணக்கு.
பிறகு, இன்னொரு கணக்கு.

அதே ஜனவரி ஒன்பது. அதே ஆள்.
வென்செஸ்லாவோ உயோவா: நூற்று எண்பத்தேழு.
வென்செஸ்லாவோ உயோவா: இருநூற்றுப் பன்னிரண்டு.
முதலாவதை மருமகன் அழித்தான்.
இரண்டாவது அதற்கு இரண்டு வாரம் முன்பே
குப்பைக்குப் போயிருந்தது.

அழிந்தது. அழித்தது.
நடுவில் ஓர் ஒற்றுதான் மாறுகிறது.
என் மென்பொருளின் காதில் அந்த ஒற்று விழாது.
தட்டில் காந்தம் மிச்சமிருந்தால் கவ்விக்கொண்டு வரும்,
எறிந்ததை நாய் கொண்டுவருவதுபோல.
விளையாட எறிந்தோமா
தொலையட்டும் என்று எறிந்தோமா,
நாய்க்கு என்ன தெரியும்.

காலையில் வந்தார்.
பட்டியலைத் திரையில் ஓட்டினேன்.
அவர் விரல் ஒரு வரியில் நின்றது.
காற்று கதவை ஆட்டிக்கொண்டே இருந்தது.

‘இது வேண்டாம்.’
‘ஏற்கெனவே ஒருமுறை வேண்டாம் என்றிருக்கிறீர்கள்.’
சொல்லியிருக்க வேண்டாமோ.
என் வேலை எடுத்துக் கொடுப்பது, எடைபோடுவது அல்ல.
வாய் அதைக் கேட்கவில்லை.
‘நிஜமாகவே போக வேண்டுமென்றால்
டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுத வேண்டும்.
தேடியதற்கு ஆன அதே நேரம் ஆகும்.
கட்டணமும் அதேதான்.’

பெசோக்களை எண்ணி வைத்தார்.
எண்ணிப் பழகிய விரல்கள்.
நிமிர மறுத்த இடுப்பு சொன்னது,
இவரும் ஒரு காலத்தில்
ஆட்டைக் கால்களுக்கிடையே இடுக்கி
நாளெல்லாம் குனிந்து நின்றவர்தான்.

பென் டிரைவில் எதைப் போடட்டும் என்றேன்.
‘கணக்கை’ என்றார்.
எந்தக் கணக்கை என்று நான் கேட்கவில்லை.
இரண்டையும் போட்டேன்.
டிஸ்க் இங்கேயே இருக்கட்டும்,
செவ்வாய்க்கிழமை வந்து சொல்கிறேன் என்று
கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார்.

இன்று வியாழன்.
சனிக்கிழமை கூலி கொடுத்திருப்பார்கள்,
எந்தத் தாளைப் பார்த்தோ.
என் மேஜை இழுப்பறையைத் திறந்தால்
உயோவா கத்தரித்த இருபத்தைந்து ஆடுகள்
கம்பளி இல்லாத உடம்போடு
ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.
காற்று புகுந்துவிடும் என்று
சட்டென மூடிவிடுகிறேன்.