தலைப்பு எழுதாத பத்தி

ஏழரைக்கு மணி அடித்தால்
அண்டி ஆபீஸின் இரும்புக் கேட்டை
பாக்கியதாஸ் இழுத்து அடைப்பான்.
ஏழு முப்பத்தொன்றுக்கு வந்தவள் பெயர்மேல்
நான் சிவப்பு மையால் ஒரு சுழி போடுவேன்.
பதினோரு வருஷமாக இதுதான் என் வேலை.
களியக்காவிளைக்கும் பளுகலுக்கும் இடையில்
இத்தனை சுழி போட்ட கை வேறு இருக்காது.

தங்கலீலா பெயர்மேல்
ஆனியில் நான்கு, ஆடியில் ஒன்பது,
ஆவணியில் எண்ணவில்லை.
சனிக்கிழமைகளில் ஆளே இல்லை.
சோம்பேறி என்றுதான் நினைத்தேன்.
சொல்லியும் இருக்கிறேன்,
அவள் காதுபடவே.

ஒருநாள் கேட்டுக்கு வெளியே
சாயாக் கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து
குடிக்காமல் நின்றாள்.
ஆறிப்போகுமே என்றேன்.
"குடிக்கதுக்கு இல்ல சாரே,
விரல் மடங்கணும்."
காட்டினாள்.
கணு ஒவ்வொன்றும்
ஊறிய அண்டிபோல் பருத்திருந்தது.
"காலம்பற எழும்பினா இது எனக்க கையே இல்ல.
எனக்கிட்ட வந்து சேர பத்து மணி ஆவும்."

வெள்ளி ராத்திரி
வாரத்துக்கு ஒருமுறை விழுங்கும் மஞ்சள் மாத்திரை.
சனிக்கிழமை முழுக்க ஓக்காளம்.
திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் சீட்டை
நாலாக மடித்து
ஏழு வருஷமாகப் பர்ஸில் வைத்திருக்கிறாள்.
காட்டினால்
தொலி உரிக்கிற கத்தியை
அடுத்தவள் கையில் கொடுத்துவிடுவோம்
என்று அவளுக்குத் தெரியும்.
எனக்கும் தெரியும்.

அன்றைக்கு எடைப் புத்தகத்தை எடுத்தேன்.
வருகைப் புத்தகத்தை மட்டுமே வாசித்தவன் நான்.
பத்துக்கு மேல் அவள் உரித்ததில்
முழுப்பருப்புதான்,
நுறுக்கு ஒரு பிடி தேறாது.

"கிலோவுக்குத்தானே கூலி.
கிலோவுக்கு மணி பாக்கத் தெரியுமா சாரே?"
மேனேஜர் வில்பிரட் கால்குலேட்டரைத் தட்டினார்.
கொல்லத்து முதலாளிக்கு போன் போட்டார்.
"ஒரு மாசம் பாரும்.
வேற ஆளுவ வந்து நின்னா
நீரே பதில் சொல்லும்."

வந்து நின்றார்கள்.
முதலில் சண்டைக்கு:
அவளுக்கு மட்டும் என்ன, கொம்பு முளச்சிருக்கா?
பிறகு தனித்தனியாக,
மற்றவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து.
ரெஜினாளுக்குப் பதினொன்றுக்கு
ஏதாவது வாயில் போடாவிட்டால் கண் இருட்டும்.
உள்ளே வாய் அசைந்தாலோ
பருப்பைத் தின்றாள் என்று சோதனை.
வறுப்புக்கூடத்துச் சுகுமாரிக்குப் புகை ஆகாது;
மூச்சுக்கு இழுக்கிற மருந்து
பையோடு கேட்டில் கிடக்கும்.
கனகபாய்க்குக் குடலில் புண்.
கக்கூஸ் சாவியை மேஸ்திரியிடம்
ஒரு நாளைக்கு எட்டுமுறை
பல்லைக் காட்டிக் கேட்க வேண்டும்.

புதிதாக ஒரு பத்தி கிழித்தேன் ரிஜிஸ்தரில்.
தலைப்பில் தீனக்காரர் என்று எழுதினேன்,
அடித்தேன்.
சலுகை என்று எழுதினேன்.
சாவியை ஆணியில் தொங்கவிட்டால் போதும்
என்கிறபோது
அது எப்படிச் சலுகையாகும்?
அதையும் அடித்தேன்.

தலைப்பில்லாத பத்தியில் ஐந்தாவதாக
என் பெயரை எழுதினேன்,
பென்சிலால்.
சீல் மைப் பெட்டிக்குள் மை கிடையாது.
பதினோரு வருஷமாக என் மாத்திரைகள்தான்.
இங்கே சேர்ந்தபின் வலிப்பு வந்தது இரண்டே முறை,
இரண்டும் ஞாயிற்றுக்கிழமை.
முழங்காலிட்டு நன்றி சொல்லியிருக்கிறேன்
என் நோய்க்கு
லீவு நாள் எதுவென்று தெரிந்திருந்ததற்காக.

வியாழக்கிழமையோடு மாதம் முடிகிறது.
வில்பிரட் சார் புத்தகத்தைப் பார்த்தார்.
என் பெயரில் கொஞ்சநேரம் நின்றார்.
ஒன்றும் சொல்லவில்லை.
பென்சிலை நான் அழிக்கவுமில்லை,
அதன்மேல் மை ஓட்டவுமில்லை.

பத்து மணி.
கேட்டிலுள்ள சின்னக் கதவை
பாக்கியதாஸ் தள்ளித் திறக்கிறான்.
பாறசாலை பஸ்ஸிலிருந்து இறங்கி
தங்கலீலா வருகிறாள்,
ஒற்றைக் கையில் கிளாஸைப் பிடித்து
சாயாவை
ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு.