ஒன்பதாவது கதவு

ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டேன்.
மாவட்ட அலுவலகத்து நில வரைபடத்தைச்
சாப்பாட்டு மேசையில் விரித்து
பச்சையாய் மிஞ்சியதையெல்லாம்
பென்சிலால் வட்டமிட்டேன்.
கொலம்பஸ் நகரம் வடகிழக்கே வழிந்துகொண்டிருந்தது.
போன வருடத்து வட்டங்களில் ஒன்று
இப்போது பல் மருத்துவமனை.

முதல் கதவில் நாய்.
இரண்டாவதில், மைத்துனனுக்குக் கொடுத்தாயிற்று என்றார்கள்.
மூன்றாவதில் ஆளே இல்லை, அழைப்புமணி மட்டும்.
அதற்குள்ளிருந்த கண் என்னைப் பார்த்தது,
ஒரு பெண்குரல் கேட்டது:
"நான் டென்வரில் இருக்கிறேன், என்ன வேண்டும்?"
உங்கள் காட்டில் மான் வேட்டைக்கு அனுமதி என்றேன்.
"எனக்குக் காடு இருக்கிறதா?" என்றாள்.

அடுத்தவன் ஒரு பருவத்துக்கு மூவாயிரம் டாலர் கேட்டான்.
என் லாரியே அவ்வளவு பெறாது.

எட்டாவது கதவு, வெர்னா ஸ்டட்ஸ்மன்.
நாற்பத்தொரு ஏக்கர், பெரும்பாலும் சோயா,
ஓடையோரம் கொஞ்சம் ஓக் மரங்கள்.
தக்காளிச் சாறு வழியும் கையோடு வந்தாள்.
"குடிப்பாயா?"
மரத்தில் ஏறும் நாளில் இல்லை.
விதைக்கடை ரசீதின் பின்பக்கத்தில்
அனுமதி எழுதிக் கையெழுத்திட்டாள்.
"என் சோயாவில் பாதி அதுகள் வயிற்றில். போய் வசூல் செய்.
ஆனால் இந்த ஒரு பருவம்தான்.
மார்ச்சில் பத்திரப் பதிவு."

ஓடையோரத்தில் எனக்கு முன்பே யாரோ வந்து போயிருந்தார்கள்.
கிளைதோறும் இளஞ்சிவப்பு நாடா.
நான் தேர்ந்த வெள்ளை ஓக்கின் அடியில்
ஆணி அடித்த தகடு: 117.
என் மரத்துக்கும் மனை எண் வந்துவிட்டது.

ஐந்து மாலைகள் மேலே உட்கார்ந்திருந்தேன்.
வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள்;
இங்கே ஒரு அணில்,
அதுவும் என்னை நம்பவில்லை.
பின்வாங்கும் மண் லாரிகளின் பீப் பீப்
இருட்டும்வரை ஓயவில்லை.

ஆறாம் நாள் ஒரு பிணை வந்தது,
நாடாவை முகர்ந்தது, தும்மியது.
அதன் பின்னே, நிலத்தில் மூக்கு வைத்து,
வேறெதுவும் நினைவில்லாத கலைமான்.

அம்பு பட்டதும் அது துள்ளவில்லை.
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
திரும்பிப் பார்த்துவிட்டு ஓடியது.
அரைமணி நேரம் காத்திருந்து இறங்கினேன்.
இலைமேல் துளி, துளி, பிறகு தாரை;
ஓடையைத் தாண்டி, கடைசி நாடாவைத் தாண்டி,
புதிதாய் விரித்த புல்லின் நடுவே,
குழந்தைகள் குதிக்கும் வலைமேடையின் கால்மாட்டில்
கிடந்தது.

வில்லை வேலிக்கு இப்பாலே மாட்டினேன்.
அடுத்தவன் நிலத்தில் ஆயுதத்தோடு நுழைவதில்லை.
கையைக் காற்சட்டையில் துடைத்தேன்;
துடைத்தது இன்னும் மோசமாகத் தெரிந்தது.
ஒன்பதாவது கதவைத் தட்டினேன்.

திறந்தவன் பெயர் லீபான்,
சோமாலியாக்காரன்,
மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இரவு வேலை.
ரத்தத்தைப் பார்த்து அவன் பதறவில்லை, "யாருடையது?" என்றான்.
சொன்னேன்.
செருப்பு மாட்டிக்கொண்டு வந்தான்,
கைபேசி வெளிச்சத்தில் கொம்புகளை எண்ணினான். எட்டு.

"புல்மேல் எது கிடந்தாலும் குடியிருப்புச் சங்கம் அபராதம் போடும்.
போன மாதம் சைக்கிளுக்கு ஐம்பது டாலர்."
இதற்கு எவ்வளவு?
"அவர்கள் பட்டியலில் இருக்காது. புதிதாய்ச் சேர்ப்பார்கள்."

மகளின் பனிச்சறுக்குத் தட்டை எடுத்துவந்தான், ஊதா நிறம்.
நான் கொம்பைப் பிடிக்க, அவன் பின்னங்காலைப் பிடிக்க,
ஒரு தொடை உனக்கு என்றேன்.
"அம்பை விடும்முன் ஏதாவது சொன்னாயா?"
மூச்சைப் பிடித்தேன். சொல்லவில்லை.
"கடவுள் பெயர்கூட?"
இல்லை.
"அப்படியானால் எங்களுக்கு ஆகாது," சிரித்தான்,
"அடுத்த வருடம் சொல்லிவிட்டு விடு."

அடுத்த வருடம் எங்கே என்று
அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குழாயை மெல்லத் திறந்து
புல்லைக் கழுவிக்கொண்டிருந்தான்.
எதிர்வீட்டு மாடியில் பட்டென்று விளக்கு எரிந்தது.
தண்ணீரை நிறுத்தினான்.
இருவரும் அசையாமல் நின்றோம்,
காது மட்டும் அந்தப் பக்கம் திரும்ப.