இம்மாதம் என் முறை

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில்
ஆறு பெயர்கள். ஐந்தின் மேல் கோடு விழுந்துவிட்டது.
ஆறாவது நான்.
மஹ்பூலாவே ஜும்ஆவுக்குப் போயிருக்கும் நேரம்
முழந்தாளிட்டிருக்கிறேன் நானும்
குளியலறையில், இந்த மெஷின் முன்னால்.

முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.
மறந்துபோய் ஒருமுறை பிஜோய் வாங்கிய அடி
அவன் மலையாளத்தில் இன்னும் அதிர்கிறது.
பிறகு குழாயை மூட வேண்டும்.
ஆகஸ்டில் குளிர்நீர்க் குழாய் என்பதெல்லாம் பெயரளவில்தான்,
மொட்டைமாடித் தொட்டி வேகவைத்து அனுப்பும்.
ஹீட்டரை அணைத்துவிட்டு
அதில் ஆறிக் கிடப்பதைத்தான்
பச்சைத் தண்ணீர் என்று குளிக்கிறோம்.

கீழ் மூலையில் சின்னக் கதவு.
நகத்தால் நெம்பினால் உள்ளே ஒரு மூடி.
பிரியாணி வந்த அலுமினியத் தட்டை முட்டுக் கொடுத்து
(வேறெதுவும் அந்த இடுக்கில் நுழையாது)
இடப்பக்கம் திருகினேன், மெல்ல.
முதலில் சொட்டு.
பிறகு ஆறு பேரின் ஒரு மாதம்
கறுத்து, வழவழத்து,
அழுகிய முட்டை வாடையோடு
தட்டு நிறைந்து என் முழங்காலுக்கு வந்தது.

வடிகட்டியில் மயிர், மணல், நூல்.
ராயப்பனின் நீலக் கவரால்,
தில்பகதூரின் வெள்ளை ஏப்ரன்,
மசூதின் கட்டம்போட்ட கைலி, என் காக்கி
எல்லாம் திரண்டு ஒரே எலிக்குஞ்சு நிறம்.
வாடகை தரும் நாளில்கூட
எங்களிடம் இவ்வளவு ஒற்றுமை கிடையாது.
அதைப் பிய்த்தால்
ஒரு பேனா ஸ்பிரிங்.
ஒரு நூறு ஃபில்ஸ். நான்கு பேர் தனதென்பார்கள்.
ஒரு கறுப்பு ஹேர்பின். ஒருவரும் தனதென்னமாட்டார்கள்.

கதவைச் சுற்றிய ரப்பரை விரித்து
பழைய டூத்பிரஷ்ஷால் பூஞ்சையைத் தேய்த்துக்கொண்டு வரும்போது
மடிப்பின் அடியாழத்தில், விரல் எட்டாத இடத்தில்
ஏதோ தட்டுப்பட்டது.
தில்பகதூரின் இடுக்கியால் இழுத்தேன்.

காலுறை.
என் கட்டைவிரல் நுழையும் அளவு.
முன்பு மஞ்சளாய் இருந்திருக்கும் ஒரு வாத்து.

மெஷினை விற்றவர் எகிப்துக்காரர்.
லிஃப்ட் ஓடாத கட்டடத்தின் நான்காம் மாடியிலிருந்து
நானும் செல்லையாவும் கயிறு கட்டி இறக்கினோம்.
முப்பது தினார் கேட்டார், பதினெட்டுக்குத் தந்தார்.
படியிறங்கும்வரை எங்களுக்கு அதே பேச்சு,
எப்படிப் படியவைத்தோம் என்று.
கூடத்தில் கட்டிய பெட்டிகள்.
சுவரில் சாய்த்த, கழற்றிய தொட்டில்.
அதுவும் வேண்டுமா என்றார்.
ஆறு ஆம்பிளைங்க, தொட்டில் எதுக்கு என்று சிரித்தோம்.
அவர் சிரித்தாரா, நினைவில்லை.
அந்த வீட்டில் வேறு யாரையும் பார்த்ததாகவும் நினைவில்லை.

இரண்டு வருடமாய்
எங்கள் அழுக்கில் ஊறி
எங்கள் சோப்பில் வெளுத்து
இங்கேதான் இருந்திருக்கிறது.

எலுமிச்சை உப்பு நான்கு கரண்டி.
தொண்ணூறு டிகிரி. வெறும் டிரம்மை ஓட்ட வேண்டும்
என்கிறது பக்கவாட்டு அரபிச் சீட்டு,
மசூது ஒருமுறை படித்துச் சொன்னது.
ஒரு காலுறையை எடையென்று
மெஷின் கணக்கில் எடுக்காது.
போட்டுக் கதவைச் சாத்தினேன்.

தொழுகை முடிந்து வந்த மசூது
தொப்பியைக் கழற்றாமல் நின்று பார்த்தான்.
"துணியே இல்லாம என்னத்தடா துவைக்கிற?"
கண்ணாடிக்குள் அது
மேலே போய் விழுந்தது, மேலே போய் விழுந்தது.
அவன் கேட்டதற்கு நான் எதுவும் சொல்லவில்லை.
அவனும் ஓதச் சமைக்கப் போகாமல்
சற்று நேரம் அங்கேயே நின்றான்.

முடிந்ததும் கதவைத் திறந்தே வைத்தேன்.
சாத்தாதே என்று அதில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது,
சாத்துகிறவன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.
தாளில் என் பெயரின் மேல் கோடு போட்டேன்.
புதிய தாளில் ஐந்து பெயர் எழுதினால் போதும்.
செல்லையாவின் விசா இருபதாம் தேதியோடு சரி.

பால்கனியில் நாற்பத்தெட்டு டிகிரி.
ராயப்பனின் கவராலுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டேன்.
பத்து நிமிடத்தில் அப்பளமாய்க் காய்ந்துவிட்டது.

எங்கே எடுத்து வைப்பது என்றுதான் தெரியவில்லை.