கணக்கில் வராத நாற்பத்தோரு மீட்டர்

திரையில் பார்க்க வேண்டியது இரண்டே எண்கள்.
இடப்பக்கம், இதுவரை எவ்வளவு வடம் விட்டேன்.
வலப்பக்கம், அது என்னை எவ்வளவு இழுக்கிறது.
மற்றதெல்லாம் ஜோடனை:
எண்ணெய்ச் சூடு, பச்சை விளக்கு,
யாரும் திருத்தாத கடிகாரம்.

கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே பிப்ரவரி.
காலை ஒன்பதரை. இன்னும் விடியவில்லை.
பின்தளத்தில் ஹோக்னி
கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நிற்கிறான்.
மூக்கில் வழிந்தது அங்கேயே உறைந்துவிட்டது.
துடைத்தால் தோலும் வரும் என்று விட்டுவிட்டான்.

வடத்தின் நுனியில் ஒன்றரை டன் இரும்புக் குழாய்.
கடலடிச் சேற்றில் குத்தி நின்று
ஒரு வாய் அள்ளிக்கொண்டு வர வேண்டும்.
நொடிக்கு ஒரு மீட்டர் விடுகிறேன்.
வடத்துக்கும் எடை உண்டு.
விட விட, தன்னைத் தானே சுமக்கும் பொருள் அது.
ஆயிரத்தில் 2.1.
ஆயிரத்து ஐந்நூறில் 2.5.
கப்பல் ஏறும்போது கொஞ்சம் கூடும்,
இறங்கும்போது கொஞ்சம் குறையும்.
தூங்குகிறவன் நெஞ்சு மாதிரி.
அந்த மூச்சைத்தான் பார்க்கிறேன், எண்ணை அல்ல.

ஆழம் 1650 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் எல்டியார்ன்.
1609இல்
2.7 இருந்த இடத்தில் 1.4.

நிறுத்தினேன்.

வயர்லெஸ்ஸில் அவர் குரல்:
"சன்னா, இன்னும் நாற்பத்தோரு மீட்டர் இருக்கிறதே?"
இருக்கிறது. திரையிலும் இருக்கிறது.
ஒரு எண் போ என்கிறது,
மற்றொன்று வந்துவிட்டாய் என்கிறது.
இரண்டுக்கும் ஒரே கம்பெனி முத்திரை.

குழாய் அறுந்து போயிருந்தாலும் இதே 1.4தான் காட்டும்.
அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
சொல்லாததை ஹோக்னியும் கேட்டான்.
அக்குளிலிருந்து கைகளை எடுத்தான்.

இன்னும் விட்டால்
மிச்ச வடம் சேற்றில் சுருண்டு படுக்கும்.
தூக்கும்போது ஒவ்வொரு சுருளும்
ஒவ்வொரு சுருக்காக இறுகும்.
ஒரு முடிச்சு போதும்,
மறுமுனை கப்பல் மேல் திரும்பி வீச.
ஆலெசுண்டில் ஒருவனின் காலை
அப்படி ஒரு வடம் கொண்டுபோயிற்று.
காலணி மட்டும் தளத்தில் நின்றது, முடிச்சு அவிழாமல்.

நான்கு அலை காத்திருந்தேன்.
1.4. 1.3. 1.4. 1.4.
மூச்சு நின்றிருந்தது.
அறுந்த வடம் கப்பலோடு சேர்ந்து ஆடும்;
ஆடியிருந்தால் கொஞ்சமாவது ஏறி இறங்கியிருக்கும்.
இது தரையைப் பிடித்துக்கொண்ட அமைதி.
"எடுக்கிறேன்" என்றேன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

2.7.
3.6.
சேறு விடவில்லை.
4.4.
நாலரையில் மணி அடிக்கும். அடித்தது.
4.9.
மேலே பாலத்திலிருந்து கேப்டன் எட்டிப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை, அதுவே ஒரு சொல்.

பிரேக்கைப் போட்டேன்.
இழுத்துப் பிடுங்கக் கூடாது, விட்டுப் பிடிக்க வேண்டும்.
மீட்டர் பாதி விட்டேன்.
அடுத்த அலை கப்பலைத் தூக்கட்டும்,
அதன் தோள் என்னுடையதைவிடப் பெரியது.
5.1.
மணி அடித்தபடியே இருந்தது.
பிறகு எண் கால் இடறி விழுந்தது போல்
2.8.
மறுபடி மூச்சு. ஏற்றம், இறக்கம்.

குழாய் மேலே வர அரைமணி.
அழுகிய முட்டை நாற்றத்தோடு சாம்பல் நிறச் சேறு,
நடுவே ஒரு விரல்கடை கறுப்பு.
எரிமலைச் சாம்பல் என்று எல்டியார்ன்
முழங்காலிட்டு அதை முகர்ந்துகொண்டிருந்தார்.

நான் கப்பியைப் பார்க்கப் போனேன்.
நீளத்தை எண்ணும் சக்கரத்தின் பள்ளத்தில்
பனி இறுகி ஏறியிருந்தது.
சக்கரம் தடித்துப்போய்
குறைவாகச் சுற்றிக் குறைவாக எண்ணியிருக்கிறது.
பொய் என்று சொல்ல முடியாது.
அதற்குத் தெரிந்த சுற்றுகளை அது சொன்னது.

ஹோக்னி மரச் சுத்தியலால் தட்டினான்.
பனி பாளம்பாளமாக உதிர்ந்தது.
பதிவேட்டில் குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
பனி. கூட்டிக்கொள்ளவும், 41.
கை நடுங்கியதால் நாலு ஒன்பது மாதிரி விழுந்தது;
அடித்துத் திருத்தினேன்.

கிழக்கே ஒரு கீற்று வெளிச்சம்.
இன்னும் இரண்டு குழாய்கள் பாக்கி.
இடப்பக்க எண்ணைப் பூஜ்யமாக்கினேன்.
வலப்பக்கத்தை அப்படிச் செய்ய முடியாது,
வெறும் கொக்கி தொங்கினாலும் ஏதோ காட்டும்.